ஒற்றன் சொல் ஒன்றே போதுமா?

கொல்லிமலை என்றதும் தமிழ் பயின்றோர்க்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். சிரித்தே உயிர் குடிக்கும் கொல்லிப்பாவை நினைவுக்கு வருவாள். நோயுற்றோர்க்கு நினைவுக்கு வருவதோ மூலிகை. ஆகாய கங்கையாக வீழும் ஐயாறு, மலையைவிட்டு இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தைச் சேர்ந்த அந்த அடிவாரத்திற்கு நீராட வருவோர் பலர். அவர்களுள் வேர், பட்டை, கிழங்கு, பொடி என்று ஏதேனும் ஒன்றை வீட்டுக்கு வாங்கிச் செல்ல விரும்புவோரும் பலர். மலைமேல் ஏறினால் முடவாட்டுக்கால் சூப் அருந்தாமல் திரும்புபவர் குறைவு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. பழுப்பு மயிர் போர்த்து ஆட்டுக்காலைப் போலவே இருப்பதால் அந்தப் பெயர். மூட்டுவலிக்கு நல்லது என்பது மக்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையைப் பற்றி எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. என் வழக்கு வேறு. அண்மைக் காலமாக மூலிகைப் பொடி உறைகளில் ஒரு புதிய வாசகம் இடம்பெறுகிறது: "ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றல் அறிவியல் முறையில் நிரூபிக்கப்பட்டது." இந்தச் சான்றிதழை வழங்கியவர் யார்? பாட்டி அல்லர், மலைமேல் வாழும் வைத்தியரும் அல்லர். நம்மைப் போன்ற கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் எழுதப்படும் திட்டக் கட்டுரைகளே இத்தகைய வாசகங்களுக்கு ஊற்றுக்கண். வேதியியல் பயிலும் எனக்கு இது மகிழ்ச்சி தரவில்லை, அச்சத்தையே தருகிறது. ஒரு சாயம் நிறம் மாறியதைக் கண்டு, ஒரு மருந்துக்குத் தீர்ப்பு எழுதும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜனின் இரு முகங்கள்

உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த உண்மை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் செல்லுக்குள் நான்கு எலக்ட்ரான்களைப் பெற்று நீராகிறது. இந்தப் பயணம் எப்போதும் ஒழுங்காக முடிவதில்லை. ஒரே ஓர் எலக்ட்ரானைப் பெற்று இடைவழியில் இறங்கிவிட்டால் அது சூப்பர் ஆக்சைடு. இரண்டு பெற்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்தப் பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்தித்துப் பிளவுபட்டால் பிறப்பது ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு. இவை அனைத்தையும் சேர்த்து வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் என்கிறோம்.

பெயர் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே எதிர்ப்பட்டதைத் தாக்கி மடிந்துவிடும். அதன் வாழ்நாள் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவே. ஹைட்ரஜன் பெராக்சைடோ நிதானமானது. சவ்வைக் கடக்கும், தொலைவு செல்லும், செல்லுக்குள் செய்தியாளனாகவும் பணிபுரியும். சூப்பர் ஆக்சைடை அப்புறப்படுத்துவதற்கென்றே ஒரு நொதி நம் உடலில் இருக்கிறது என்பதை 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தனர். ஒரு பொருளை அகற்ற இயற்கை தனி நொதியையே வைத்திருக்கிறது என்றால், அப்பொருள் உடலில் உண்மையாகவே தோன்றுகிறது என்பது தெளிவாயிற்று. அதற்கு முன்பே, 1956-இல், முதுமைக்குக் காரணம் தனி உறுப்புகளே என்னும் கொள்கையை ஹார்மன் என்பவர் முன்வைத்திருந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததும், "தனி உறுப்பு பகைவன், அதை எதிர்ப்பது மருந்து" என்ற எளிய கதை உலகெங்கும் பரவிவிட்டது. எளிய கதைகள் வேகமாகப் பரவும். அவை முழு உண்மையாக இருப்பது அரிது.

ஊதா மஞ்சளாகிறது, அதனால் என்ன?

நம் ஆய்வுக்கூடங்களில் பெரிதும் நடைபெறும் சோதனை டி.பி.பி.எச். சோதனை. டி.பி.பி.எச். ஆழ்ந்த ஊதா நிறம் கொண்ட, புட்டியில் வைத்தாலும் கெடாத ஒரு தனி உறுப்பு. மூலிகைச் சாற்றைச் சேர்த்தால், சாற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் அதற்கு ஹைட்ரஜனை வழங்குகின்றன. ஊதா மங்கி மஞ்சளாகிறது. 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, சதவீதம் போட்டு, வரைபடம் வரைந்து, "இம்மூலிகை சிறந்த எதிர்ப்பாற்றல் உடையது" என்று முடிக்கிறோம். 1958-இல் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இது. மலிவானது, அரை மணி நேரத்தில் முடிவது, அழகானது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறோமா? டி.பி.பி.எச். மனித உடலில் எங்கும் இல்லை. அது நைட்ரஜனை மையமாகக் கொண்ட தனி உறுப்பு. ஆக்சிஜன் மூலக்கூறே அன்று. சோதனை நடப்பதோ மெத்தனாலில். நம் குருதி மெத்தனால் அன்று. தேயிலைத் தூளும், நெல்லிக்காயும், மாதுளைத் தோலும் இதில் நன்றாகவே தேறும். புளியஞ்சோலையில் காலடியில் கிடக்கும் ஏதோ ஒரு சருகை அரைத்து வைத்தாலும் ஓரளவு தேறக்கூடும். ஏனெனில் ஃபீனால் பொருள்கள் இல்லாத தாவரம் அரிது. பெரும்பாலோர் தேறிவிடும் ஒரு தேர்வில் ஒருவன் தேறினான் என்பது அவனைப் பற்றி என்ன சொல்லும்?

சோதனை பயனற்றது என்று சொல்ல வரவில்லை. "இச்சாறு ஒரு சோதனைக் குழாயில் ஒரு தனி உறுப்புக்கு ஹைட்ரஜனைத் தந்தது" என்பதை அது சொல்கிறது. அதைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையான சோதனை. அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அந்தச் சொல் நம்முடையது, சோதனையுடையது அன்று.

ஒற்றன் உள்ளே நுழைகிறான்

"சோதனைக் குழாய் போதாது, உயிருள்ள செல்லிலேயே பார்ப்போம்" என்று முன்னேறுவோர் உண்டு. பாராட்டத்தக்க முயற்சிதான். இவர்கள் நாடும் சாயத்தின் முழுப் பெயர் டைகுளோரோ டைஹைட்ரோ புளூரசீன் டைஅசிடேட். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதன் கதை ஒற்றனின் கதை.

இச்சாயம் இரண்டு அசிடேட் ஒட்டுகளை அணிந்து மாறுவேடத்தில் செல்லின் சவ்வைக் கடக்கிறது. உள்ளே இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அந்த ஒட்டுகளைக் கழற்றிவிடுகின்றன. வேடம் கலைந்த ஒற்றன் எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகிறான். அப்போது அவனுக்கு ஒளி இல்லை. ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் டைகுளோரோ புளூரசீனாக மாறி, நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சையாக ஒளிர்கிறான். பச்சை மிகுந்தால் பெராக்சைடு மிகுந்தது. மூலிகைச் சாறு சேர்த்தபின் பச்சை குறைந்தால் மூலிகை காத்தது. இதுவே வழக்கமான வாதம். 1965-இல் கெஸ்டனும் பிராண்ட்டும் பெராக்சைடை நுண்ணிய அளவில் அளக்க இதைப் பயன்படுத்தினர். 1983 முதல் உயிருள்ள வெள்ளணுக்களிலும் பயன்படலாயிற்று. இன்று உலகில் மிகுதியாக வழங்கும் சாயங்களுள் இதுவும் ஒன்று.

ஒற்றனின் குறைகளையும் கேளுங்கள்.

முதலாவது, இச்சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக எளிதில் வினைபுரிவதில்லை. இடையில் இரும்போ, பெராக்சிடேஸ் நொதியோ, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்த சைட்டோகுரோம் சி-யோ தரகு செய்ய வேண்டும். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். மூலிகைச் சாற்றிலுள்ள டானின் இரும்பைப் பற்றிக்கொண்டால் போதும். பெராக்சைடு ஒரு துளியும் குறையாமலே பச்சை குறைந்துவிடும்! நாமோ "பெராக்சைடு குறைந்தது" என்று எழுதிவிடுவோம்.

இரண்டாவது, சாயம் ஆக்சிஜனேற்றம் அடையும் வழியில் அதுவே ஒரு தனி உறுப்பாகிறது. அந்தத் தனி உறுப்பு ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துச் சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகிறது; அதிலிருந்து மேலும் பெராக்சைடு பிறக்கிறது. கலகம் நடக்கிறதா என்று பார்த்துவர அனுப்பிய ஒற்றன், தானே கலகத்தைத் தூண்டிவிட்டு "கலகம் பெரிது" என்று ஓலை அனுப்புவது போன்றது இது.

மூன்றாவது, நுண்ணோக்கியின் ஒளி பட்டாலே இச்சாயம் ஒளிரத் தொடங்கும். அதிக நேரம் பார்த்தால் அதிகப் பச்சை.

நான்காவது, பச்சையிலைச் சாறு தானே நிறமுடையது, ஒளியை விழுங்கும், அதன் பச்சையம் தானும் ஒளிரும். சாற்றை வைத்து அளப்பவர், சாயம் இல்லாமல் சாற்றை மட்டும் ஒருமுறை அளக்காவிடில், எதை அளந்தோம் என்று அவர்க்கே தெரியாது.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாரி ஹாலிவெல் குழுவினர் 2000-ஆம் ஆண்டு ஒன்றைக் காட்டினர். தேயிலையின் கேட்டசின்கள், குவர்செட்டின் முதலிய புகழ்பெற்ற "எதிர்ப்பொருள்"களைச் செல் வளர்ப்புக் கரைசலில் இட்டால், செல் ஒன்றுகூட இல்லாதபோதும், அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன! பெராக்சைடை அழிப்பதாகப் பெயர் பெற்றவையே பெராக்சைடைப் பிறப்பிக்கின்றன. மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது என்று நாம் எழுதும் முடிவுகளுள் எத்தனை, கிண்ணத்துக்குள் பிறந்த இந்தப் பெராக்சைடின் வேலையோ!

ஒரே சிவப்பு, இரண்டு பொருள்

சூப்பர் ஆக்சைடைக் காண டைஹைட்ரோ எத்திடியம் என்ற சாயத்தை இடுவர். சிவப்பு ஒளிர்ந்தால் சூப்பர் ஆக்சைடு உண்டு என்பர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பாலராமன் கல்யாணராமனும் உடனுழைத்தோரும் 2003-லும் 2005-லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த எளிமையைக் கலைத்தன. சூப்பர் ஆக்சைடோடு வினைபுரிந்து உண்டாவது 2-ஹைட்ராக்சி எத்திடியம். வேறு வழிகளில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாவது வெறும் எத்திடியம். இரண்டுமே சிவப்பு. நுண்ணோக்கியில் கண்ணால் பிரித்தறிய இயலாது. நிறப்பகுப்புக் கருவியில் பிரித்து அளந்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும். படம் அழகாக இருக்கும், பொருள்தான் தெரியாது. கொல்லிப்பாவையின் சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்நூற்றாண்டில் மேம்பட்ட ஒற்றர்களும் பிறந்திருக்கிறார்கள். போரான் சேர்ந்த சாயங்களை 2004-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழுவினர் உருவாக்கினர். பெராக்சைடு போரான்-கார்பன் பிணைப்பைத் துண்டிக்கும்போதுதான் இவை ஒளிரும். ஆயினும் பெராக்சிநைட்ரைட் என்னும் மற்றொரு மூலக்கூறு அதே பிணைப்பைச் சுமார் பத்து இலட்சம் மடங்கு வேகத்தில் துண்டிக்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது. 2006-இல் ரஷ்ய அறிஞர்கள் ஹைப்பர் என்னும் புரதத்தை அமைத்தனர். ஒளிரும் புரதத்தோடு, பாக்டீரியா பெராக்சைடை உணரும் புரதம் ஒன்றைப் பிணைத்தது அது. செல்லே அதை உற்பத்தி செய்துகொள்ளும். பெராக்சைடு ஏறினால் மாறும், இறங்கினால் மீளும். ஆனால் அமில காரத் தன்மை மாறினாலும் அது ஏமாறும். குறையற்ற ஒற்றன் ஒருவனும் இல்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம். கல்யாணராமனும் பிறரும் 2012-இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரையும், மர்ஃபி முதலிய பலர் 2022-இல் கூடி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே வற்புறுத்துகின்றன: பொதுப்பெயரில் மறையாதே, எந்த மூலக்கூறு என்று சொல், சாயம் என்ன வினை புரிந்தது என்று அறிந்து சொல்.

இதை நமக்கு அயல்நாட்டார்தாம் சொல்ல வேண்டுமா? வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். ஒருவனை ஒருவன் அறியாதபடி அவர்களை ஆளச் சொன்னார். மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்றார். அரசர்க்குச் சொன்ன அறம் ஆய்வாளர்க்கும் பொருந்தும். ஒருவனை ஒருவன் அறியாமை என்பதை வேதியியலில் எப்படிக் கொள்வது? வெவ்வேறு வினைவழியில் இயங்கும் சாயங்களைத் தேர்வது என்று கொள்ளலாம். ஒரே குறையுடைய மூன்று சாயங்கள் ஒத்துச் சொன்னால் அது மூவர் சொல் ஆகாது. ஒருவன் சொல்லை மும்முறை கேட்டதாகவே ஆகும்.

குருதித் துளியில் ஒரு வழக்கு

"இத்தனை நுணுக்கம் ஏட்டுச் சுரைக்காய்" என்று எண்ணுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள், அவற்றைக் கொல்வதற்காகச் சூப்பர் ஆக்சைடையும் பெராக்சைடையும் வேண்டுமென்றே உற்பத்தி செய்கின்றன. அந்த நொதி பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் ஆண் குழந்தைகள். சீழ்க்கட்டியும், நுரையீரல் தொற்றும், பூஞ்சை நோயும் அவர்களை மீண்டும் மீண்டும் தாக்கும். தனி உறுப்பு இல்லாமையால் வரும் நோய் இது! "தனி உறுப்பு பகைவன்" என்னும் கதைக்கு இக்குழந்தைகளே மறுப்பு.

இந்நோயை அறிய நைட்ரோ புளூ டெட்ரசோலியம் என்னும் வெளிர்மஞ்சள் சாயம் உதவிற்று. நலமான வெள்ளணுவைத் தூண்டிவிட்டால் சாயம் கருநீலமாகும். நோயுற்ற குழந்தையின் வெள்ளணுவில் நிறம் மாறாது. பேனரும் நேத்தனும் 1968-இல் இதை அளவிடும் சோதனையாக்கினர். இன்று டைஹைட்ரோ ரோடமின் என்ற ஒளிரும் சாயத்தைக் கொண்டு, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியில் இதைச் செய்கின்றனர். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. ரோடமின் சாயம் நன்கு ஒளிர மயிலோபெராக்சிடேஸ் என்னும் நொதி துணை வேண்டும். அந்த நொதி மட்டும் முற்றிலும் குறைந்த ஒருவருக்கு, சூப்பர் ஆக்சைடு செவ்வனே உண்டானாலும், சாயம் ஒளிராது. அந்தக் குறை பலருக்குத் தொல்லையே தராதது. மற்ற நோயோ உயிரைப் பறிக்கவல்லது. ஒற்றைச் சாயத்தின் சொல்லை நம்பி, இல்லாத கொடிய நோயை ஒரு தாயிடம் சொல்லிவிடலாமா? இரண்டாவது சோதனை செய்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சாயத்தின் வினைவழியை அறிவது ஏட்டுச் சுரைக்காயா, குழந்தையின் உயிரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எதிர்ப்பொருள் எல்லாம் நற்பொருளா?

பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை வைத்துப் பெரும் சோதனை ஒன்று நடந்தது. முடிவு 1994-இல் வெளிவந்தது. கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் சிறந்த எதிர்ப்பொருள். அதை நாள்தோறும் மாத்திரையாகத் தந்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. மாத்திரை உண்டவர்களிடம் அந்நோய் 18 சதவீதம் மிகுந்தது. அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையும் தீங்கே கண்டு 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கேரட் உண்பது தீங்கு என்று இதற்குப் பொருள் அன்று. சோதனைக் குழாயில் எதிர்ப்பொருள் என்பது, உடலில் மருந்து என்பதற்கு ஈடாகாது என்பதே பொருள். சோதனைக் குழாய்க்கும் மனித உடலுக்கும் உள்ள தொலைவு, புளியஞ்சோலைக்கும் மலையுச்சிக்கும் உள்ள தொலைவைப் போன்றது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அருகில் இருப்பதாகத் தோன்றும். ஏறினால்தான் தெரியும்.

மறுப்புகளுக்கு விடை

"அரசு கலைக் கல்லூரி இது. ஒளிர்நுண்ணோக்கி இல்லை, நிறப்பகுப்புக் கருவி இல்லை. டி.பி.பி.எச். சோதனையையும் வேண்டாம் என்றால் மாணவர் எதைத்தான் செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழைக் கல்லூரி எளிய சோதனை செய்வதில் இழிவில்லை. எளிய சோதனையிலிருந்து பெரிய முடிவு எடுப்பதிலேதான் இழிவு. கருவிக்குப் பணம் வேண்டும். கட்டுப்பாட்டுச் சோதனைக்குக் கவனம் போதும். சாறு இல்லாத சாயம், சாயம் இல்லாத சாறு, இரண்டும் இல்லாத கரைசல் ஆகிய மூன்று குழாய்களைக் கூடுதலாக வைக்க எந்த மானியமும் தேவையில்லை.

"மலைமக்களின் பட்டறிவை நீ மறுக்கிறாயா?" என்றும் கேட்கலாம். இல்லை. எந்தக் கிழங்கை எந்தப் பருவத்தில் அகழ்வது, எவ்வளவு வேகவைப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பன தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு. அந்த அறிவுக்கு டி.பி.பி.எச். என்னும் ஊன்றுகோல் தேவையில்லை. அதற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, சொன்னதைச் சொன்னபடி எழுதி, சொன்னவர் ஊரையும் இசைவையும் பதிவு செய்து, உண்மையான கேள்வியைக் கேட்பதே. மூட்டுவலிக்கு என்று அவர்கள் சொன்னால், மூட்டுவலி குறைகிறதா என்பதே கேள்வி. ஊதா மஞ்சளாகிறதா என்பது அன்று. அவர்கள் சொல்லாத ஒன்றை நாம் நிரூபித்துவிட்டு, அவர்கள் சொன்னது மெய்யாயிற்று என்று அறிவிப்பது அவர்களுக்குச் செய்யும் சிறப்பும் ஆகாது, அறிவியலுக்குச் செய்யும் தொண்டும் ஆகாது.

"உறையில் அச்சிடுவது வணிகர் செயல், மாணவர்க்கு என்ன பொறுப்பு?" என்பது மூன்றாவது மறுப்பு. கட்டுரையின் கடைசி வரியை வணிகர் எழுதவில்லை, நாம் எழுதுகிறோம். "எதிர்காலத்தில் சிறந்த மருந்தாகப் பயன்படும்" என்று வழக்கத்திற்காக எழுதிச் சேர்க்கும் அந்த ஒரு வரியே உறைக்குச் செல்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திப் பொடியை உண்டால், அதில் நம் மைக்கும் பங்கு உண்டு.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்வதோடு நிற்பது முறையன்று. நம் வசதிக்குள் செய்யக்கூடிய ஒரு பணியை முன்வைக்கிறேன். இலைகளுக்குள் பெராக்சைடைக் காண டை அமினோ பென்சிடின் என்னும் பொருள் உண்டு. 1997-இல் டென்மார்க்கில் பார்லி இலைகளில் இம்முறையைக் காட்டினர். அக்கரைசலில் இலைக்காம்பை நிறுத்தினால், பெராக்சைடு உள்ள இடத்தில், பெராக்சிடேஸ் நொதியின் துணையோடு, செம்பழுப்புப் படிவு உண்டாகும். பின்னர்ச் சாராயத்தில் கொதிக்கவைத்துப் பச்சையத்தை நீக்கினால் பழுப்பு மட்டும் எஞ்சும். வெறுங்கண்ணால் பார்க்கலாம். சூப்பர் ஆக்சைடுக்கு முன்சொன்ன டெட்ரசோலியம் சாயமே போதும். நீலப் படிவு தரும். டை அமினோ பென்சிடின் புற்றுநோய் விளைவிக்கலாம் என்று ஐயுறப்படுவதால் கையுறை அணிதல் கட்டாயம். கழிவை வாய்க்காலில் கொட்டலாகாது. சாராயத்தைத் தீயில் நேரே வைக்காமல் நீர்த்தொட்டியில் சூடேற்ற வேண்டும்.

இதில் புளியஞ்சோலை நமக்கு ஒரு நல்ல பாடத்தையும் வைத்திருக்கிறது. அங்கே பறித்த இலையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, உப்பிலியபுரம் வழியாகப் பேருந்தில் துறையூருக்குக் கொண்டுவந்து சோதித்தால் என்ன காண்போம்? இலை கிள்ளப்பட்ட காயமும், வெப்பமும், வாட்டமும் தாமே பெராக்சைடை உண்டாக்கும். நாம் அளப்பது புளியஞ்சோலையின் இலையையா, பேருந்துப் பயணத்தையா? ஆகவே சாயத்தை இலையிடம் கொண்டுசெல்ல வேண்டும்; இலையைச் சாயத்திடம் கொண்டுவரக் கூடாது. ஆற்றங்கரை நிழலில் வளரும் செடியின் இலை, அதே இனம் வெயிலில் வளரும் இடத்து இலை, வேண்டுமென்றே பேருந்தில் பயணம் செய்வித்த இலை ஆகிய மூன்றையும் ஒப்பிடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதிக்கு வைட்டமின் சி கரைசலை முன்னதாகத் தந்து, நிறம் குறைகிறதா என்று பார்க்கலாம். சாயமே இடாத இலையையும் உடன் கொதிக்கவைத்து, எஞ்சும் பழுப்பு இலையின் இயல்பான நிறமா என்று அறியலாம். காப்புக்காட்டில் பறிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அடிவாரத் தோட்டங்களில் உரியவரைக் கேட்டே பறிக்க வேண்டும்.

இத்திட்டத்தின் முடிவில் புற்றுநோய்க்கு மருந்து கிடைக்காது. பத்திரிகைச் செய்தியும் வராது. ஆனால் ஒரு நிறம் எதனால் வந்தது, எதனால் வரவில்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய இருபது மாணவர்கள் கிடைப்பார்கள். அவர்களுள் ஒருவர் நாளை மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, ஒரு குழந்தையின் வெள்ளணு ஒளிரவில்லை என்ற காகிதத்தில் கையொப்பம் இடுமுன், "இரண்டாவது சோதனையும் செய்துவிடுவோம்" என்று சொல்லக்கூடும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டக் கட்டுரைகளின் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கென்றே ஒதுக்குங்கள். "முடிவுரை" என்னும் பகுதிக்குப் பின் "இச்சோதனையால் சொல்ல இயலாதவை" என்று ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். அந்தப் பக்கத்தை நன்றாக எழுதிய மாணவர்க்கு, சதவீதம் குறைவாக வந்திருந்தாலும், முழு மதிப்பெண் வழங்குங்கள். எதிர்பார்த்த விடை வராத ஆய்வும் ஆய்வே என்று மாணவர் நம்பும் நாளில், வழக்கத்திற்காக எழுதும் அந்தக் கடைசி வரி தானே மறையும்.

சக மாணவர்களே, ஒற்றனை வெறுக்க வேண்டாம்; அவன் இன்றி ஆட்சி நடவாது. அவன் எந்த வழியாகச் சென்றான், யாரிடம் கேட்டான், எதைக் கண்ணால் கண்டான் என்று வினவிவிட்டு, பிறகு நம்புவோம். பச்சை ஒளிர்ந்தால் "எதனால்?" என்று கேட்போம். ஒளிராவிட்டாலும் "எதனால்?" என்று கேட்போம். அக்கேள்விக்குக் கருவி வேண்டியதில்லை. அதைக் கேட்கும் துணிவு இருந்தால் போதும்.